மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு: ஸ்டென்டா, பைபாஸா?

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆஞ்சியோகிராமில் இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு தெரிந்ததும் ஸ்டென்ட் எனும் சின்ன வலைக்குழாயை உள்ளே வைப்பதா, பைபாஸ் அறுவை சிகிச்சையா என்ற பேச்சு வந்தது. பைபாஸ் செய்துகொண்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஸ்டென்டின் வசதி எல்லோரும் அறிந்ததுதான். மணிக்கட்டிலோ தொடையிலோ சின்னத் துளை, ஓரிரு நாளில் வீடு. மாரடைப்பு வந்துவிட்டால் பெரும்பாலும் அதுதான் முதல் வழி, அங்கே யோசிக்க நேரமே கிடையாது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு கேள்வி: எத்தனை காலம் தாங்கும்? ஸ்டென்ட் அடைப்புள்ள அந்த ஓரிடத்தை மட்டும் விரிக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கோ குழாய் நெடுகக் கொழுப்பு படியும். நாளை ஸ்டென்டுக்குச் சற்றுத் தள்ளிப் புது அடைப்பு வந்தால் மறுபடி போய்ப் படுக்க வேண்டும். பைபாஸில் வேறொரு ரத்தக்குழாயை அடைப்பைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் இணைக்கிறார்கள். அதற்கு மேலே பின்னால் இன்னோர் அடைப்பு வந்தாலும் ரத்தம் போய்ச் சேர்ந்துவிடும்.

2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில் என்னைப் போலச் சர்க்கரையும் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரைப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளில் இறப்பு ஸ்டென்ட் தரப்பில் 16.3 சதவீதம், பைபாஸ் தரப்பில் 10.9. ஆனால் பக்கவாதம் பைபாஸில்தான் அதிகம்: 5.2 சதவீதம், ஸ்டென்டில் 2.4. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பைபாஸிலும் எல்லா இணைப்பும் ஒன்றல்ல. மார்பின் உட்புறத் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைத்தால், பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துவிடலாம். எத்தனை இணைப்பு என்று கேட்பதோடு, மார்புத் தமனியைப் பயன்படுத்துவீர்களா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, தேறி வருவது லேசா? இல்லை. பிளந்த மார்பெலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள், அது ஒன்றுசேர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ள வேண்டும். கையை ஊன்றி எழக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு மெல்ல எழ வேண்டும். எனக்கு நெஞ்சைவிடச் சிரை எடுத்த கால்தான் அதிகம் படுத்தியது, மாலையானால் வீங்கிவிடும். காரணமே இல்லாமல் அழுகையும் வந்தது. இது பலருக்கும் வருவதுதான் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

ஸ்டென்ட் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கிடையாது, அண்ணனைப் பார்த்ததோடு சரி. அவருக்கு ஒரே குழாயில்தான் அடைப்பு, சர்க்கரையும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு, சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் நிலைமை எனக்கு இருந்திருந்தால் நானும் ஸ்டென்ட்தான் வைத்திருப்பேன்.