பெரம்பலூர் நாலு ரோடு பக்கம் ஒரு மெக்கானிக் கடை, நடுவழியில இஞ்சின் மிஸ்ஸிங் ஆன (ஒரு சிலிண்டர் சரியா எரியாம குலுங்கின) வண்டிக்கு

போன மாசம் சென்னையில இருந்து மதுரைக்கு குடும்பத்தோட கிளம்பினோம். பெட்ரோல் வண்டி, 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 62,000 கிலோமீட்டர் ஓடினது. உளுந்தூர்பேட்டை தாண்டுற வரைக்கும் ஒரு குறையும் இல்ல. திருமாந்துறை டோல்கேட்ல நின்னு கிளம்பி மூணாவது கியர்ல மிதிச்சதும் வண்டி குலுங்க ஆரம்பிச்சது, பிக்கப் சுத்தமா இல்ல, மீட்டர்ல இஞ்சின் லைட் வேற. பெட்ரோல்ல தண்ணி கலந்திருச்சோன்னு நினைச்சு ரெண்டு கிலோமீட்டர் அப்படியே ஓட்டிட்டேன், அது தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. ஓரமா நிறுத்தி ஹசார்டு போட்டு அம்மாவையும் மனைவியையும் பிள்ளையையும் தடுப்புக் கம்பிக்கு அந்தாண்ட வேப்ப மரத்தடியில உக்கார வெச்சேன்.

ஹைவே உதவிக்கு 1033 இருக்குன்னு தெரியும், ஆனா அவங்க வண்டியை இழுத்துட்டுப் போய் எங்க விடுவாங்கன்னு யோசனை, அதனால மேப்ல தேடி பக்கத்துல இருந்த கடைகளுக்கு ஃபோன் போட்டேன். ரெண்டு பேர் "கொண்டு வாங்க பாப்போம்"னாங்க. மூணாவதா எடுத்தவர்தான் இவரு. நான் பாதி சொல்றதுக்குள்ளயே, "தம்பி, லைட்டு நிலையா எரியுதா, விட்டு விட்டு எரியுதா?"ன்னு கேட்டாரு. விட்டு விட்டுன்னேன். "அப்போ ஓட்டாதீங்க, ஆஃப் பண்ணிட்டு இருங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்துரும், அது போச்சுன்னா பெரிய செலவு, நானே வர்றேன்"னாரு. முக்கா மணி நேரத்துல பைக்ல டூல்ஸ் பையும் ஸ்கேனரும் எடுத்துட்டு வந்துட்டாரு.

ஸ்டியரிங்குக்கு கீழ ஸ்கேனரை சொருகினதும் பி0302ன்னு எரர் கோட் வந்தது, ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். இங்கதான் எனக்கு அவரு மேல மரியாதை வந்தது, ஏன்னா ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் கொடுக்கற இக்னிஷன் காயில்தான் போச்சுன்னு உடனே முடிவு பண்ணல. ரெண்டாவது சிலிண்டர் காயிலைக் கழட்டி மூணாவதுல போட்டாரு, மூணாவதை ரெண்டாவதுல போட்டாரு, அந்த எரர் கோடை அழிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. இப்போ பி0303, அதாவது மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங். "பாருங்க தம்பி, காயிலோட சேந்து கம்ப்ளைண்டும் நகந்துருச்சு, நகராம அங்கேயே இருந்திருந்தா பிளக்கு, இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு தேடணும்"னு ஸ்கேனரை என் கையில கொடுத்தே காமிச்சாரு. அப்புறம் அந்த மூணாவது சிலிண்டர் இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழட்டி விட்டாரு, அந்த சிலிண்டருக்கு பெட்ரோலே போகாது, கன்வெர்ட்டருக்கும் ஆபத்தில்ல. மூணு சிலிண்டர்ல ஐம்பதைத் தாண்டாம அவரு பைக் பின்னாடியே பெரம்பலூர் போய்ச் சேந்தோம்.

காயில் அங்க கிடைக்கல, திருச்சியில சொல்லி பஸ்ல கொடுத்து விடச் சொன்னாரு, ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாலு காயிலும் மாத்திடலாமான்னு நானே கேட்டேன், பயத்துல. "மூணு நல்லா இருக்கே, எதுக்கு காசை வீணாக்கறீங்க"ன்னுட்டாரு. ஆனா பிளக் நாலையும் மாத்தியே ஆகணும்னாரு. சூட்டோட கழட்டினா அலுமினிய ஹெட்ல மரை போயிரும்னு இஞ்சின் ஆறுற வரைக்கும் காத்திருந்து கழட்டினாரு. முனையெல்லாம் தேஞ்சு நடுவுல இருக்கற இடைவெளி, அதாவது கேப், அகலமாகிக் கிடந்தது. கேப் கூடினா ஸ்பார்க் தாண்டறதுக்கு காயில் அதிக வோல்டேஜ் கொடுக்கணும், அதனாலயே காயில் சீக்கிரம் போகும்னு விளக்கினாரு. எனக்கு வயிறு எரிஞ்சது, மூணு மாசம் முன்னாடி வேற ஒரு இடத்துல சர்வீஸ் விட்டப்போ நாலு புது பிளக்குன்னு பில் போட்டு காசு வாங்கியிருக்காங்க. இவரு அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, பழைய பிளக்கை கவர்ல போட்டு கையில கொடுத்தாரு.

காயில் 2,150, பிளக் நாலுக்கும் 720, ரோட்டுக்கு வந்ததுக்கு 500, கூலி 400, மொத்தம் 3,770. மாட்டின காயில் மேல மார்க்கர்ல தேதி எழுதி விட்டாரு. அதுக்கப்புறம் 1,400 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், ஒரு தடவை கூட ஜெர்க் அடிக்கல.

குறைன்னா, பொம்பளைங்களுக்கு டாய்லெட் வசதி இல்ல, அம்மா ரொம்ப கஷ்டப்பட்டாங்க, பக்கத்து ஹோட்டல்ல கேட்டுத்தான் போனாங்க. உக்கார ரெண்டு ஸ்டூல்தான், வெயில் நேரா முகத்துல அடிக்குது. பில் கையெழுத்துலதான் தர்றாரு. ஒரே ஆளா பாக்கறதால ஸ்பானர் கையில இருக்கறப்போ ஃபோன் எடுக்க மாட்டாரு, ரெண்டு மூணு தடவை விட்டு விட்டு அடிங்க, ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல கடை கிடையாது.