மூணு பேர் சண்டை: 98ஆ, மார்வெல்லா, டெக்கன் டேகா?

போன மாதம் குடியாத்தத்திலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். கையில் புது லேப்டாப். "மாமா, டீம் வெச்சு ஆடுற சண்டை கேம் எதுனா சொல்லு. ஒண்ணே ஒண்ணு சொல்லு, பத்து சொல்லாத" என்றான். ஒன்று சொல்ல முடியவில்லை, மூன்று சொன்னேன். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98, மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, டெக்கன் டேக் டோர்னமென்ட். முதல் இரண்டும் லேப்டாப்பில் ஓடின. மூன்றாவதுக்காகப் பரணிலிருந்து என் பழைய பிளேஸ்டேஷன் 2 இறங்கியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆடினோம். வெளியே வேலூர் வெயில், வேறு என்ன செய்ய?

எனக்கு இந்த வகை ஆட்டம் அறிமுகமானது வீட்டில் அல்ல. காந்தி ரோட்டுப் பக்கம், லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு மெஷின். ஒன்றில் முஸ்தபா. கேப்காம் என்ற கேம் கம்பெனி 1993இல் விட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' அது. மஞ்சள் தொப்பிக்காரன் பெயரையே நம் ஊர்ப் பையன்கள் ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். இன்னொன்றில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97. முஸ்தபா பக்கம் ஆடுகிறவர்கள் மட்டும் நிற்பார்கள். 97 பக்கம் கடையே நிற்கும்.

அந்தக் கூட்டத்துக்குக் காரணம் நெருப்பு விடும் கியோவோ, பைத்தியம் மாதிரிச் சிரிக்கும் இயோரியோ மட்டுமல்ல. வரிசைதான். இந்த ஆட்டத்தில் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறோம், ஆனால் ஒருவன் விழுந்த பிறகுதான் அடுத்தவன் இறங்குவான். இடையில் மாற்ற முடியாது. ஜெயித்தவன் மீந்த உயிரோடு அப்படியே நிற்பான், சீக்கிரம் முடித்திருந்தால் கொஞ்சம் உயிர் திரும்பக் கிடைக்கும். யாரை முதலில் இறக்குவது, யாரைக் கடைசிக்கு வைப்பது என்ற தகராறு தெரு கிரிக்கெட்டில் ஓப்பனிங்குக்கு நடக்கும் தகராறேதான்.

இதில் இன்னொரு வசதி. ஒரு ரூபாய் காயினை மூன்று பேர் பங்கு போடலாம். முதல் ஆள் உனக்கு, இரண்டாவது எனக்கு, கடைசி அவனுக்கு. ஆளுக்கு முப்பது பைசா சொச்சத்தில் சண்டை. என் ஆள் செத்தால் நான் ஸ்டிக்கை விட்டு நகர்ந்து, அடுத்தவனுக்கு யோசனை சொல்லிக் கழுத்தறுக்கலாம்.

சி.எம்.சி.க்கு நோயாளிகளோடு துணைக்கு வந்த வங்காளத்துப் பையன்களும் அங்கே வருவார்கள். வாரக்கணக்கில் லாட்ஜில் கிடப்பவர்கள், எங்கே போவார்கள்? அவர்கள் பேச்சு எங்களுக்குப் புரியாது, எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியாது. ஆனால் கீழிருந்து முன்னே ஒரு கால்வட்டம், அங்கிருந்து பின்னால் அரைவட்டம், கூடவே ஒரு குத்து என்று இயோரியின் பெரிய அடியை எங்களைவிட சுத்தமாகப் போடுவார்கள். ஒருநாள் அப்படி ஒருவன் ஆடிக்கொண்டிருக்கும்போது அவன் அண்ணன் வாசலில் வந்து கூப்பிட்டார். ரிப்போர்ட் வந்துவிட்டது போல. இரண்டு ஆள் போய்விட்டார்கள், மூன்றாவதாக கிம் மீதி இருந்தான். ஸ்டிக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் தோற்றேன். அவன் திரும்பி வரவில்லை.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். முதலில் வீட்டுச் சண்டை: 97ஆ, 98ஆ? எங்கள் கடையில் ஓடியது 97, அதனால் பாசம் அதன் மேல்தான். ஒரோச்சி என்ற வில்லனின் கதை அதில்தான் முடிகிறது. அட்வான்ஸ்ட், எக்ஸ்ட்ரா என்று பவர் சேர்க்க இரண்டு முறைகள் வந்ததும் அதில்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னால் அது ஓட்டை ஆட்டம். மாட்டினால் தப்பவே முடியாத, சாகும்வரை நீளும் அடிகள் அதில் உண்டு. தெரிந்தவன் கையில் சிக்கினால் காயின் போச்சு. 98இல், இந்த ஆட்டங்களைச் செய்யும் எஸ்.என்.கே. கம்பெனி கதையையே தூக்கி எறிந்துவிட்டு, செத்த ஆட்களையும் எழுப்பி 38 பேரை இறக்கியது. பலம் ஓரளவு சமமாக இருக்கிறது.

98இல் வரிசைக்கு இன்னும் அழகு சேர்த்திருக்கிறார்கள். அட்வான்ஸ்ட் முறையில் பெரிய அடிக்கான பவரை முதல் ஆள் 3தான் சேர்த்து வைக்க முடியும், இரண்டாமவன் 4, கடைசி ஆள் 5. ஆக, தோற்றுக்கொண்டே வருபவனுக்கு ஒரு வாய்ப்பு வளர்ந்துகொண்டே வருகிறது. அடி வாங்கி மயங்கி நின்றால், ஓரத்தில் நிற்கும் கூட்டாளி ஓடி வந்து உதவலாம். உதவாமலும் போகலாம், ஆட்களுக்குள் ஆகுமா ஆகாதா என்பதைப் பொறுத்தது. கியோவைக் காப்பாற்ற இயோரி வருவான் என்று காத்திருக்காதீர்கள். 2002ஆம் ஆண்டுப் பதிப்பும் நல்ல ஆட்டம்தான், அதிலும் பழைய மூணு பேர் வரிசை. ஆனால் அதன் இசை எனக்கு ஒட்டவில்லை.

மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, 2000இல் வந்தது. 56 பேர். ஸ்பைடர்மேன், ரியூ, வோல்வரின் எல்லோரும் ஒரே திரையில். இங்கும் அணிக்கு மூன்று பேர், ஆனால் வரிசை கிடையாது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு பட்டனில் கூட்டாளியைக் கூப்பிட்டு அடிக்கவைக்கலாம், ஓரத்தில் இருப்பவனுக்கு இழந்த உயிர் கொஞ்சம் ஊறும். முதல் ஒரு மணி நேரம் மருமகன் இதைத்தான் விடவே இல்லை. எதை அழுத்தினாலும் திரையில் தீபாவளி. அப்புறம் நான் ஆடக் கற்றிருந்த ஒரே அடித்தொடரைப் போட்டேன். அவன் ஆள் மேலேயே பறந்துகொண்டிருந்தான், மருமகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மாமா, நான் எப்ப ஆடுறது?"

அதுதான் இதன் சிக்கல். 56 பேர் இருந்தாலும் போட்டிகளில் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் நால்வர்தான் ராஜாக்கள். முறையாகக் கற்றவர்கள் இதை ஆடும்போது பார்க்க வேறெதுவும் ஈடில்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று பேரையும் ஒரே கையால் ஆட்ட வேண்டும். கூட்டாளிகள் மூவர் ஒரு காயினைப் பங்கு போட இதில் வழியே இல்லை. இன்னொன்று, ஆட்கள் பாதிப் பேர் மார்வெலின் சொத்து. உரிமம் முடிந்ததும் 2013 கடைசியில் இணையக் கடைகளிலிருந்தே ஆட்டம் காணாமல் போனது. 2024இல்தான் ஒரு தொகுப்பில் திரும்பி வந்தது. கியோவும் இயோரியும் எஸ்.என்.கே.யின் சொந்தப் பிள்ளைகள். கம்பெனி 2001இல் திவாலாகியும் அவர்கள் தெருவுக்கு வரவில்லை.

டெக்கன் டேக், 1999. இரண்டு பேர் அணி. வெளியே போனவனுக்கு உயிர் ஊறும், ஆனால் இருவரில் ஒருவன் செத்தாலே சுற்று முடிந்தது. இந்த ஒரு விதி எனக்கு ஒத்துவரவில்லை. ஆட்டம் முழுக்க ஆளைக் காப்பாற்ற மாற்றி மாற்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றை ஆளாக நின்று எதிரணியை முடிக்கும் சுகம் இதில் இல்லை. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாட்டு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. ஞாயிறு மதியம் பிரியாணி முடிந்த பிறகு நாங்கள் ஆடியது அதைத்தான்.

98க்கு இன்று ஆள் கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும். ஃபைட்கேட் என்ற இலவச மென்பொருளில் இந்தப் பழைய ஆட்டங்களை இணையத்தில் ஆடுகிறார்கள். அதன் சூட்சுமம் இது: எதிராளி அழுத்திய பட்டன் வந்து சேரும்வரை ஆட்டம் காத்திருக்காது. கடைசியாக அழுத்தியதையே இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறான் என்று ஊகித்து நகரும். ஊகம் தப்பானால் கண் இமைக்கும் முன் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். அதனால் எங்கோ இருப்பவனோடும் குட்டித் தாவல்களை நம்பி ஆட முடிகிறது. இந்த ஆட்டத்தில் தாவல் நான்கு வகை, கால் நொடி தாமதமானாலும் எல்லாம் பாழ். கீபோர்டில் அரைவட்டம் போட ஒரு வாரம் கை வலிக்கும், அதையும் சொல்லிவிட்டேன்.

கடைசியில் அவன் 98ஐத்தான் எடுத்தான். சாங், அதேனா, கடைசியில் இயோரி என்று அணி வைத்தான். பலமானவனைக் கடைசிக்கு வைப்பது எல்லோரும் செய்வதுதான். எங்கள் கடையில் மட்டும் ஒருவன் இயோரியை முதலிலேயே இறக்குவான். ஏன்டா என்று கேட்டால், "கடசீல வெச்சா அவன் வர்றதுக்குள்ள கரண்ட் பூடும்பா" என்பான். இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். பிறகு லேப்டாப் சார்ஜைப் பார்த்துவிட்டு இயோரியை முன்னால் மாற்றினான்.