முட்டி எம்ஆர்ஐ எடுக்கப் போறவங்களுக்கு, இந்த சென்டர்ல எங்க அனுபவம்

தம்பி கபடி ஆடுறப்ப கால ஊனி சட்டுனு திரும்புனான், உள்ள டப்னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல முட்டி பந்து மாதிரி வீங்கிருச்சு. மொதல்ல போன எடத்துல எக்ஸ்ரே எடுத்து எலும்பு நல்லாருக்குன்னு கட்டுப்போட்டு அனுப்பிட்டாங்க, நாங்களும் நம்பி மூணு வாரத்த வீணாக்கிட்டோம். எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும் ஜவ்வு தெரியாதுன்னு அன்னைக்கே யாராச்சும் சொல்லிருக்கலாம். படி எறங்குறப்ப முட்டி நழுவுதுன்னு அவன் சொன்னப்புறம்தான் வேற எலும்பு டாக்டர்கிட்ட போனோம், அவர் கால லேசா மடக்கி முன்னாடி இழுத்துப் பாத்துட்டு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தாரு.

இங்க இருக்கறது 1.5 டெஸ்லா மெஷின் (டெஸ்லான்னா உள்ள இருக்கற காந்தத்தோட பலத்தச் சொல்ற அளவு). டெக்னீஷியன் தம்பி ரொம்பப் பொறுமை, அரணாக்கொடி வரைக்கும் கழட்டச் சொல்லி, முட்டியச் சுத்தி கூடு மாதிரி ஒண்ண மாட்டி ஸ்பாஞ்ச் வச்சு டைட் பண்ணாரு. கால்தான் மொதல்ல உள்ள போகும், தல வெளிய இருக்கும், அதனால பயப்பட வேணாம், சத்தம்தான் டக்டக்னு ஓவரா இருக்கும், காதுக்கு அடைப்பான் தர்றாங்க. நடுவுல இவன் கால அசைச்சதுல ஒரு படம் கலங்கிப்போச்சு, அத அப்படியே விடாம திரும்ப எடுத்தாங்க பாருங்க, அதுக்கே அஞ்சு ஸ்டார்.

ரிப்போர்ட் டாக்டர் ஸ்க்ரீன்ல காமிச்சாரு, நல்ல ஜவ்வுன்னா கருப்பா கயிறு மாதிரி தெரியுமாம், இவனுக்கு அந்த எடத்துல பிசிறு பிசிறா சாம்பலா இருந்துச்சு. ஏசிஎல், அதான் முட்டி முன்னாடி நழுவாமப் பிடிச்சுக்கற நடு ஜவ்வு, முழுசா போச்சு, உள்பக்க மெனிஸ்கஸ்லயும் (எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற குருத்தெலும்பு) கிழிசல், எலும்புக்குள்ள ரத்தக்கட்டு வேற. அல்ட்ராசவுண்ட்ல பாத்திருந்தா காசு மிச்சமாகிருக்குமான்னு கேட்டேன், நீர் கோத்திருக்கறது, வெளிப்பக்கத் தசைநாரெல்லாம் அதுல நல்லாத் தெரியும், ஏசிஎல் ஆழத்துல இருக்கறதால சரியாப் பிடிபடாதுன்னாரு. அம்மாவுக்கும் முட்டிவலி, சேத்து ஒண்ணு எடுத்துரலாமான்னு கேட்டதுக்கு, தேய்மானம்னா நின்னுக்கிட்டு எடுக்கற எக்ஸ்ரேவே மொதல்ல போதும், டாக்டரப் பாத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வர்ற காச வேணாம்னு சொல்ற எடத்த இப்பதான் பாக்குறேன்.

கொற ஒண்ணு இருக்கு. நாலு மணிக்கு வரச்சொல்லிட்டு ஆறரைக்குத்தான் கூப்ட்டாங்க, கால மடக்க முடியாதவங்க நீட்டி வைக்க ஒரு ஸ்டூல் கூட இல்ல, அவன் வலில நெளிஞ்சத பாக்கவே முடியல. தயவுசெஞ்சு அத மட்டும் மாத்துங்க.

அப்புறம், ஃபிலிம் மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க, டிஸ்க்கும் கேட்டு வாங்குங்க, ஆபரேஷன் பண்ற டாக்டர் ஒவ்வொரு படமா கம்ப்யூட்டர்ல ஓட்டித்தான் பாக்குறாரு.