அவுட்லுக் காலண்டரையும் டாஸ்க்கையும் கூகுளோடு இணைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

அலுவலகம், கிளினிக், கடை எதுவானாலும் சரி, மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் தேதி குறித்து வைத்து வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். "கம்ப்யூட்டரில் இருக்கும் காலண்டர், டாஸ்க் எல்லாம் தானாகக் கூகுள் கணக்குக்குப் போய்விடும், இரண்டு பக்கமும் சிங்க் ஆகும், ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும், ஒருமுறை கட்டினால் ஆயுளுக்கும் போதும்" என்று சொல்லி ஒரு நிறுவனம் எங்களுக்கு ஒரு மென்பொருளை விற்றது. அது எங்கள் வேலைப் பட்டியலையே அழித்துவிட்டது. கட்டிய பணமும் இன்னும் திரும்பவில்லை.

கரூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கிறேன். டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டி படிவங்களான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, 3பிக்கு 20 என்று மாதம் முழுக்கக் கெடுதான். இவை காலண்டரில் இருக்கும். எந்தக் கிளையன்ட்டிடம் என்ன பில் வாங்க வேண்டும், யாருடைய நோட்டீசுக்கு எப்போது பதில் போட வேண்டும் என்பதெல்லாம் டாஸ்க் பட்டியலில். இரண்டும் ஆடிட்டர் சாருடைய போனில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை.

பழைய அவுட்லுக்கில் ஜிமெயிலைச் சேர்த்தால் மெயில் மட்டுமே வரும். கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த அவுட்லுக் காலண்டர் சிங்க் கருவி 2014 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது அவர்கள் தரும் கருவி, நிறுவனங்கள் பணம் கட்டி வைத்திருக்கும் வொர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்கு மட்டும். நம்மைப் போல சாதாரண ஜிமெயில் வைத்திருப்பவர்களைத் தேடித்தான் சின்ன நிறுவனங்கள் வருகின்றன. அவற்றில் நேர்மையானவையும் உண்டு. எங்களுக்கு விற்றவர்கள் அப்படி இல்லை.

டெமோ காட்டியவர் ஒரு டாஸ்க்கைப் போட்டு, அது போனில் வந்து நிற்பதைக் காட்டினார். "எல்லாம் அப்படியே போகும் மேடம்" என்றார். அப்படியே போகாது. வெளி மென்பொருள்கள் கூகுள் டாஸ்க்ஸில் எழுதும்போது கெடுவின் தேதி மட்டும்தான் பதிவாகும், மணி பதிவாகாது. அவுட்லுக்கில் நாம் போட்டிருக்கும் முன்னுரிமை, வகை, எத்தனை சதவீதம் முடிந்தது என்ற குறிப்பு எதற்கும் அங்கே இடமில்லை. இந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும். தெரிந்தே மறைத்தார்கள் என்பதுதான் என் கோபம். "பிற்பகல் 3 மணி ஹியரிங்" என்பது போனில் வெறும் தேதியாக நின்றது. இரு பக்க சிங்க் என்பதால் அந்த வெறும் தேதி திரும்ப வந்து, அவுட்லுக்கில் இருந்த மணியையும் அழித்தது. கேட்டதற்கு, "அது கூகுள் பிரச்சினை மேடம், அடுத்த அப்டேட்ல சரியாயிடும்" என்றார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அவர்களுடைய ஆளே தொலைவிலிருந்து மென்பொருளை நிறுவி இணைத்தார். அந்தப் புதுக் கம்ப்யூட்டரின் அவுட்லுக்கில் அப்போது எதுவுமே இல்லை. காலியாக இருப்பதை "இவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்" என்று அது எடுத்துக்கொண்டு, கூகுள் பக்கம் இருந்ததையும் அழித்தது. பிறகு அவர் பழைய டேட்டா ஃபைலை இணைத்தார். அடுத்த சிங்கில் அதுவும் காலி. இத்தனை பதிவுகளை ஒரேயடியாக நீக்குவதற்கு முன் நல்ல மென்பொருள் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும். இது கேட்கவே இல்லை.

காலண்டர் மீண்டது. கூகுள் காலண்டரின் குப்பைத் தொட்டியில் அழித்த நிகழ்வுகள் 30 நாள் வரை இருக்கும், கம்ப்யூட்டரில் திறந்து அமைப்புச் சக்கரத்துக்குள் பார்த்தால் கிடைக்கும். டாஸ்க்குகளுக்கு மார்ச் கடைசியில் பிரதியாக எடுத்துவைத்த பிஎஸ்டி ஃபைல் (அவுட்லுக்கின் டேட்டா ஃபைல்) ஒன்றுதான் கைகொடுத்தது. அதற்குப் பிந்தியவை போனதுதான். மாதாந்திரத் தேதி எங்களில் யாருக்கும் மறக்காது. நோட்டீசுக்கான கெடு அப்படியல்ல, ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒவ்வொரு நாளில் முடியும். அப்படி ஒரு பதில் நாள் கடந்து போனது. கிளையன்ட்டிடம் போய் நின்றது சார்தான்.

பணத்தைக் கேட்டபோது, "ஆயுள் லைசென்ஸ் என்றால் அந்த வெர்ஷனின் ஆயுள்" என்றார்கள். கொஞ்ச நாளில் புது வெர்ஷனுக்கான சந்தா கார்டிலிருந்து எடுக்கப்படப் போவதாக வங்கியிலிருந்து செய்தி வந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தச் செய்தியிலிருந்தே அதை ரத்து செய்தோம். உங்களுக்கு அப்படிச் செய்தி வந்தால் விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

காலண்டர் மட்டும் போதும் என்றால் காசே வேண்டாம். காலண்டர்களை ஒன்றோடொன்று இணைக்க கால்டேவ் என்ற பொது நெறிமுறை 2007லிருந்து இருக்கிறது. தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருள் அதைக் கொண்டே கூகுள் காலண்டரை இரு பக்கமும் இலவசமாக இணைக்கிறது. அந்த வழியில் கூகுள் டாஸ்க்கைத் தருவதில்லை. அதனால் டாஸ்க்குகளை இப்போது நேரடியாகக் கூகுளிலேயே எழுதுகிறோம், மணி முக்கியமானதைக் காலண்டரில் போடுகிறோம்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை நிறுவியிருப்பவர்களுக்கு: மென்பொருளை நீக்கினால் மட்டும் கணக்குக்குள் அதற்கிருக்கும் அனுமதி போய்விடாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மூன்றாம் தரப்பு இணைப்புகளைத் திறந்து அங்கேயும் நீக்குங்கள். முதலில் காலண்டரை ஏற்றுமதி செய்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். பதில் சரியில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணமே கிடையாது. பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே வார்த்தைகளில் உங்களுக்கும் விற்றிருந்தால் அவற்றை அழிக்காமல் வைத்திருந்து, நீங்களும் புகார் கொடுங்கள்.