எனம் நிலைகளுக்கு ஜாவாவின் அட்டாமிக்ரெஃபரன்ஸ்: ஒரு மதிப்புரை

ஒரு கனெக்‌ஷனின் நிலையை எனமாக (பெயரிட்ட மாறிலிகளின் தொகுப்பு) வைத்துப் பல திரெட்கள் (ஒரே சமயத்தில் ஓடும் நிரல் ஓட்டங்கள்) அதை மாற்ற வேண்டுமா? ஜாவாவில் முதலில் கை போகவேண்டியது, ஒரு மதிப்பை இடையில் யாரும் புகாமல் ஒரே படியில் மாற்ற உதவும் அட்டாமிக்ரெஃபரன்ஸிடம்தான். 2004-இல் ஜாவா 5 வந்தபோது எனமும் இதுவும் சேர்ந்தே வந்தன.

ஒரு திரெட் எழுதியதை மற்றவை காணச் செய்யும் வாலடைல் மட்டும் போதாது. இரண்டு திரெட்கள் ஒரே சமயத்தில் ‘புதியது’ என்று படித்து, இரண்டுமே ‘தொடங்குகிறது’ என்று எழுதினால் ஸ்டார்ட் இருமுறை ஓடும். அட்டாமிக்ரெஃபரன்ஸின் கம்பேர்அண்ட்செட் மெத்தட், எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டுமே மாற்றி ட்ரூ தருகிறது. அந்த விடையைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போனால் பாதுகாப்பு எதுவும் இல்லை.

கம்பேர்அண்ட்செட்டின் ஒப்பீடு == வழியாக (அதே ஆப்ஜெக்ட்டா என்று) நடக்கிறது, ஈக்வல்ஸ் வழியாக (மதிப்பு சமமா என்று) அல்ல. எனத்தின் ஒவ்வொரு மாறிலியும் ஒரே ஆப்ஜெக்ட் என்பதால் கவலையில்லை. நிலையை இன்டிஜராக வைத்தால் கதை வேறு: -128 முதல் 127 வரைதான் ஆட்டோபாக்சிங் (எண்ணைத் தானாக ஆப்ஜெக்ட்டாக்குவது) அதே ஆப்ஜெக்ட்டைத் தரும் என்ற உறுதி உண்டு, அதற்கு வெளியே, எண் சரியாக இருந்தும் மாற்றம் தோற்கலாம்.

‘தொடங்குகிறது’, ‘ஓடுகிறது’ இரண்டிலிருந்தும் ‘நிற்கிறது’க்குப் போக வேண்டுமென்றால் ஜாவா 8-இல் வந்த, மதிப்பை மாற்றிப் பழையதைத் திருப்பித் தரும் கெட்அண்ட்அப்டேட் நல்லது. அப்டேட்அண்ட்கெட் வேண்டாம்: அது புதிய மதிப்பைத் தருவதால், நிலையை மாற்றியது நாமா வேறொரு திரெட்டா என்று தெரியாது. பழைய மதிப்பு கையில் இருந்தால்தான் சாக்கெட்டை மூடும் பொறுப்பு யாருடையது என்று சொல்ல முடியும். வேறு திரெட்டோடு போட்டி வந்தால், புதிய மதிப்பைக் கணக்கிட நாம் கொடுத்த லாம்டா (சிறு ஃபங்ஷன்) மறுபடி ஓடும். அதனால் மூடுவதையும் லாக் எழுதுவதையும் அதற்குள் வைக்காமல், வெளியே, பழைய மதிப்பைப் பார்த்தபின் செய்யுங்கள்.

உண்மையான குறை சுழலும் நிலைகளில்தான். ‘ஓடுகிறது’ என்று ஒரு திரெட் படித்தபின் மற்றொன்று நிறுத்தி மீண்டும் ஓடவிட்டால், எனம் அதே ஆப்ஜெக்ட் என்பதால் கம்பேர்அண்ட்செட் வென்றுவிடும். பழைய ஓட்டத்துக்கான கட்டளை புதியதன்மேல் விழும். அட்டாமிக்ஸ்டாம்ப்ட்ரெஃபரன்ஸ் ஒரு எண்ணையும் சேர்த்து ஒப்பிடுவதால் இதைப் பிடிக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு ஆப்ஜெக்ட் செலவில். பிழைச் செய்தி போன்ற இரண்டாவது ஃபீல்டும் நிலையோடு சேர்ந்தே மாற வேண்டுமானால், இரண்டையும் ஒரே மாறாத ஆப்ஜெக்ட்டில் அடைத்து அதையே மாற்றுங்கள்.

லட்சக்கணக்கான ஆப்ஜெக்ட்களில் தனித்தனி அட்டாமிக்ரெஃபரன்ஸ் வைப்பது நினைவகத்தை வீணாக்கும். அங்கே வாலடைல் ஃபீல்டின்மேல் நேரடியாகக் கம்பேர்அண்ட்செட் செய்ய உதவும் ஜாவா 9-இன் வார்ஹேண்டில் போதும்.