சிம்மக்கல் கடையில் மூன்று வருடம்: விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் மின்ட்

மதுரை சிம்மக்கல்லில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃபிளெக்ஸ், பில் புக், இதுதான் பிழைப்பு. 2022 கடைசியில் கடை லேப்டாப்பில் விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 21 போட்டேன். லேப்டாப்பை ஆன் செய்யும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸை எடுக்க வழியில்லை. டிசைன் செய்யும் மென்பொருளான கோரல்டிராவும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்து வைத்த பல வருட ஃபைல்களும் அங்கேதான் ஒழுங்காகத் திறக்கும்.

லினக்ஸ் எதற்கு என்றால், பென்டிரைவுக்கு. வருகிறவர்கள் கொண்டுவருவதில் பாதியில் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். போன ஆவணியில் மேலூரிலிருந்து ஓர் அண்ணன், மகள் காதணி விழா போட்டோக்களோடு வந்தார். வேறு இடத்தில் செருகியபோது ஷார்ட்கட் மட்டும்தான் தெரிந்ததாம். "தம்பி, படம் பூரா போயிருச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். மின்ட்டில் செருகினேன். அந்த வைரஸ் ஃபோல்டர்களை அழிப்பதில்லை. விண்டோஸ் கண்ணில் படாதபடி ஒரு குறி போட்டு மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். லினக்ஸ் அந்தக் குறியைப் பார்ப்பதில்லை. எல்லா ஃபோல்டரும் வரிசையாக வந்து நின்றன. முதல் படத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில் அழுதுகொண்டிருந்தது. அவர் திரையில் விரல் வைத்துப் பார்த்தார்.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. முதலில் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயையும் எழுதி வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 80 ஜிபி ஒதுக்கினேன். மீதியை மின்ட் பார்த்துக்கொண்டது.

தொல்லை கொடுத்தவை வேறு இரண்டு. மறுநாள் காலை 10 மணிக்கு விண்டோஸைத் திறந்து பில் போட்டால், நேரம் 4:30 என்று அச்சாகிறது. மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை வைக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மின்ட்டின் டெர்மினலில் 'timedatectl set-local-rtc 1' என்ற ஒரே கட்டளையில் சரியாகிவிட்டது.

அடுத்தது டி டிரைவ். மின்ட்டிலிருந்து அதைத் திறக்க முடிந்தது, ஒன்றும் சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் எழுதினால் ஃபைல்கள் கெடும் என்று லினக்ஸ் தானே ஒதுங்கிக்கொள்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்ததிலிருந்து இன்றுவரை பிரச்சினை இல்லை. இரண்டு சிஸ்டம் வைக்கிற எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

தட்டச்சில் சிரமமே இல்லை. இரண்டு பக்கமும் தமிழ்99 விசைப்பலகையே வைத்திருப்பதால் விரல் தடுமாறுவதில்லை.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுவிட்டது. மின்ட்டை அதற்கு முன்பே 22-க்கு ஏற்றிவிட்டேன். அதற்கு 2029 வரை கவலை இல்லை. விண்டோஸ் பக்கம் இப்போது இணையமே கிடையாது. மெயிலில் வருவதை மின்ட்டில் இறக்கி, டி டிரைவில் போட்டு, அப்புறம்தான் கோரல்டிராவுக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் ரீபூட்டுக்கு ஒன்றரை நிமிஷம் ஆகிறது. முகூர்த்த மாதங்களில் அதுவே பெரிதாகத் தெரிகிறது. அதனால் காலையில் வரும் பென்டிரைவ்களை மொத்தமாகப் பார்த்து முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல்தான் டிசைனில் உட்காருகிறேன்.