கெப்பல் சாலைக் கிடங்கில் ஒரு கலை அரும்பொருளகம்

சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் என்றதும் பலருக்கு இன்னமும் பிராஸ் பசா சாலையில் குவிமாடத்தோடு நிற்கும் பழைய கட்டடமே நினைவுக்கு வரும். லசால் என்னும் கத்தோலிக்கச் சபையின் சகோதரர்கள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் பள்ளி 1987இல் அங்கிருந்து வெளியேறிய பின் அது புதுப்பிக்கப்பட்டு, 1996 ஜனவரியில் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. 2019இல் அந்தக் கட்டடம் சீரமைப்புக்காக மூடப்பட, 2022 ஜனவரியில் அரும்பொருளகம் கெப்பல் சாலை 39ஆம் எண்ணிலுள்ள தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் என்னும் சரக்குக் கிடங்கு வளாகத்தில் கண்காட்சிகளை நடத்தத் தொடங்கியது. தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஒரு கட்டடத்தை விட்டுவிட்டு, லாரிகள் வந்துபோகும் இடத்துக்குப் போவது இறக்கமல்லவா என்று கேட்கலாம். இந்த இடமாற்றம் அரும்பொருளகத்துக்கு நன்மையே செய்திருக்கிறது என்பது என் மதிப்பீடு.

வகுப்பறைகளாகக் கட்டப்பட்ட அறைகளில் ஓவியங்களைத் தொங்கவிடலாம். கூரையை முட்டும் நிர்மாணக் கலைப்படைப்புகளையும் சுவரளவு காணொளிகளையும் வைப்பது கடினம். கிடங்கிலோ உயரமான கூரை, மறைப்பில்லாத தரை, சரக்கு ஏற்றி இறக்கும் வசதி என எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கஜா கேலரி போன்ற தனியார் கலைக்கூடங்களும் இதே வளாகத்தில் இருப்பதால் ஒரே மாலையில் பலவற்றைப் பார்த்துவிட முடியும். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் நிலக்கரி அள்ளியும் பிழைத்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கெப்பல் சாலை அந்நியமான இடமல்ல.

2015 நவம்பரில் பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்து தேசியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்ட பிறகு, பொறுப்புகள் ஓரளவு தெளிவாகப் பிரிந்தன. 19ஆம் நூற்றாண்டு தொட்டு வளர்ந்த சிங்கப்பூர், தென்கிழக்காசிய நவீன ஓவிய மரபைத் தேசியக் கலைக்கூடம் பார்த்துக்கொள்கிறது. வாழும் கலைஞர்களின் இன்றைய படைப்புகளைக் கலை அரும்பொருளகம் பார்த்துக்கொள்கிறது. முதலாவதில் வரலாறு பெருமளவு எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. இரண்டாவதில் எது நிலைக்கும் எது உதிரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே போகிறவர் அழகான பொருள்களைப் பார்க்கும் எண்ணத்தோடு மட்டும் போனால் ஏமாந்துதான் திரும்புவார். அவர் முன் வைக்கப்படுபவை பெரும்பாலும் கேள்விகள்.

அந்தக் கேள்விகள் எவ்வளவு கூர்மையாக இருக்க முடியும் என்பதற்கு 2023 நவம்பர் முதல் 2024 மார்ச் வரை நடந்த சிங்கப்பூர்க் கலைஞர் ஹோ ட்சூ நியெனின் கண்காட்சியைச் சொல்வேன். அதில் இடம்பெற்ற புலி பற்றிய படைப்பின் வேர், ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் லாய்ட்டெமான் வரைந்த ஓர் அச்சுப்படத்தில் இருக்கிறது. 1835 வாக்கில் சிங்கப்பூர்க் காட்டில் நில அளவை செய்துகொண்டிருந்த கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் மீது புலி பாய்கிறது. அளவைக் கருவி சரிகிறது. உடனிருந்த தொழிலாளர்கள் சிதறுகிறார்கள். அந்தத் தொழிலாளர்கள் யார் என்பதுதான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். அவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட தண்டனைக் கைதிகள். இத்தீவின் தொடக்ககாலச் சாலைகளைப் போட்டவர்கள் அவர்கள். கோல்மன் பெயரில் ஒரு தெருவும் ஒரு பாலமும் இருக்கின்றன. படத்திலுள்ள மற்றவர்களின் பெயர் எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. கோல்மனையும் புலியையும் கணினி உருவங்களாக்கிப் பாடவைத்து, அந்த ஒரு கணத்துக்குள் மலாய் உலகின் புலி நம்பிக்கைகளையும் காலனி ஆட்சியையும் ஹோ கொண்டுவருகிறார். பாடப்புத்தகம் ஒரு பத்தியில் கடந்துபோகும் செய்தியை இருட்டறையில் நம்மை நிறுத்திவைத்துப் பார்க்கச் செய்வதால், இதை ஒரு பண்பாட்டு நிறுவனத்தின் முதன்மையான வேலையாகவே கருதுகிறேன்.

அதே 2024இல் நடந்த ஐஸ்லாந்து-டேனியக் கலைஞர் ஓலாஃபர் எலியாசனின் கண்காட்சி கூட்டத்தை இழுத்தது. இருட்டில் பொழியும் நீர்த்துளிகளில் பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து வானவில் தோன்றி மறையும் 1993ஆம் ஆண்டுப் படைப்பு பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. எனக்கும் பிடித்தது; ஆனாலும் அது உலகின் எந்தப் பெருநகருக்கும் பொருந்தும், புலியின் கதையோ இந்தத் தீவுக்கு உரியது.

இன்னொரு கடமை இதைவிடச் சிக்கலானது. கலைஞர் தம் உடலையும் செயலையுமே படைப்பாக்கும் நிகழ்த்துகலை (performance art) முடிந்ததும் கரைந்துவிடுகிறது. அதை எப்படிச் சேமிப்பது? 1995இல் சிங்கப்பூர்க் கலைஞர் டாங் டா வூ, கலைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய கறுப்பு மேற்சட்டையை அணிந்து அதிபர் ஓங் டெங் சியோங்கின் முன் போய் நின்றார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நிகழ்த்துகலைக்கான அரசு நிதியுதவி நிறுத்தப்பட்டிருந்தது; 2003 வரை அது மீளவில்லை. ஆக, இந்த அரும்பொருளகம் திறக்கப்பட்ட காலமே அந்தக் கலை ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த காலம். பிற்பாடு 2011இல் நிகழ்த்துகலைஞர் அமண்டா ஹெங்கின் பணிகளைத் தொகுத்து ஒரு தனிக் கண்காட்சியை இதே நிறுவனம் நடத்தியது. மேசையைச் சுற்றி அமர்ந்து தவ்கே எனப்படும் பயற்று முளைகளின் வாலைக் கிள்ளியபடி பேசிக்கொண்டிருப்பதே அவருடைய புகழ்பெற்ற படைப்புகளில் ஒன்று. கீரை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை பேசிய வீடுகளில் வளர்ந்த நமக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை.

நம்மவர்கள் இந்தக் கதையில் ஓரத்தில் நிற்பவர்களும் அல்லர். 1988இல் எஸ். சந்திரசேகரன், சாலே ஜப்பார், கோ ஈ சூ ஆகிய மூன்று நன்யாங் நுண்கலைக் கழகப் பட்டதாரிகள் ஜெர்மானியப் பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனத்தில் நடத்திய ‘திரிமூர்த்தி’ கண்காட்சி, ஆக்கல், காத்தல், அழித்தல் என்னும் கருத்தை எடுத்துக்கொண்டு, மேற்கத்திய முன்மாதிரிகளை நாடாமல் தத்தம் மரபுகளிலிருந்தே சமகாலக் கலையைச் செய்ய முடியும் என்று காட்டியது. பத்தாண்டு கழித்து 1998இல் கலை அரும்பொருளகம் அதைத் திரும்பிப் பார்த்துக் கண்காட்சி வைத்தது. அடுத்த தலைமுறையில் பிரியகீதா தியா, கலை மாணவியாக இருந்தபோது 2017இல் ஜாலான் ராஜாவிலுள்ள ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிக்கட்டில் தங்கத்தாள் ஒட்டினார்; அனுமதியில்லை என்று நகர மன்றம் சொல்ல, அதைப் பிய்த்தெடுத்தார். பின்னர் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழ்க் கூலிகளின் வரலாற்றை டிஜிட்டல் உருவங்களாக்கும் பணியில் இறங்கினார். நம் இலக்கிய வட்டங்களில் தோட்டக் கதைகளைப் பேசும் அளவுக்கு இப்படைப்புகளைப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

சமகாலக் கலைவிழாவான சிங்கப்பூர் பினாலே 2006இல் தொடங்கியபோது நம்பிக்கை என்பதைக் கருப்பொருளாகக் கொண்டு வழிபாட்டுத் தலங்களுக்குள்ளும் கலையைக் கொண்டுபோனது. வாட்டர்லூ ஸ்திரீட் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அவற்றுள் ஒன்று. 2011 முதல் பினாலேயை நடத்தும் பொறுப்பு கலை அரும்பொருளகத்திடம் இருக்கிறது. கலை மக்களிடம் போவதைச் சுவருக்குள் காத்திருப்பதைவிட மேலாக நினைப்பதால், பினாலே ஆண்டுகளில்தான் இந்நிறுவனம் தன் முழு வலிமையைக் காட்டுகிறது என்பேன்.

குறையென்று சொல்வதானால், அது இத்தீவின் அரும்பொருளகங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. சுவர்க் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அந்த ஆங்கிலமும் கலைக் கோட்பாடு படித்தவர்களுக்கே முழுதாகப் பிடிபடும். கைதிகளையும் தோட்டக் கூலிகளையும் பற்றிய படைப்பின் முன் ஒரு தமிழ்ப் பாட்டி நின்றால், அவருக்காக நான்கு வரித் தமிழ்க் குறிப்பு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அதுவரை, உடன் போகும் பேரப்பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள்.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்குக் கட்டணம் இருக்கலாம் என்பதால் புறப்படும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. தஞ்சோங் பகார் எம்ஆர்டியிலிருந்து வெயிலில் நடப்பதைவிடப் பேருந்தில் போவதே முதியவர்களுக்கு ஏற்றது. காணொளிப் படைப்புகளை நின்றபடி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்தால் எதுவும் கைக்கு வராது. எனவே ஒரே நாளில் எல்லா அறைகளையும் முடிக்க நினைக்காமல், ஒன்றிரண்டு படைப்புகளைத் தேர்ந்து முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்க்கலாம். கலைக் கண்காட்சிக்கே போகாத நண்பரை முதன்முதலாக அழைத்துப்போவதாக இருந்தால், காலையில் தேசியக் கலைக்கூடம், மாலையில் கெப்பல் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றினால் அவர் இரண்டாவது இடத்துக்கு வர மறுத்துவிடக்கூடும்.